மனை வாங்கும் முன் எந்த அளவை?

இந்த மாதப் பாடம்



குழு ஆரம்பித்த நாளில் நாம் வாங்கிய கடன் எல்லாம் மருத்துவச் செலவுக்கும் வட்டிக்கடனை அடைக்கவும்தான் போனது. பிறகு ஆடு, மாடு, பிள்ளைகள் படிப்பு என்று மாறியது. இப்போது மனை வாங்கவும், கட்டிய வீடு வாங்கவும் கடன் மனு வருகிறது. சந்தோஷமான விஷயம். ஆனால் மனுவோடு வரும் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும் இருக்காது. பத்திர நகல் இருக்கும், வில்லங்கச் சான்று இருக்கும், வக்கீல் பார்த்துச் சொன்ன கருத்துகூட இருக்கும். "இடத்தை அளந்தீங்களாக்கா?" என்று கேட்டால், "புரோக்கர் டேப் புடிச்சுக் காட்டுனாரு" என்று பதில் வரும். சிலர், "கல்லு ஊன்டியிருக்குல்ல, அப்புறம் என்ன அளக்குறது?" என்கிறார்கள்.

அந்தக் கல்லை ஊன்றியது யார்? எந்த வரைபடத்தை வைத்து ஊன்றினார்? இதைக் கேட்பதுதான் இந்தப் பாடம். வில்லங்கச் சான்று அந்தச் சொத்தின் மேல் பதிவான அடமானம், கிரயம் பற்றிச் சொல்லும். தரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது அளவை ஒன்றுதான். அளவையிலும் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்கு உதவும்.

பத்திரம் சொல்வதும் தரை சொல்வதும்

நம் பக்கத்துப் பத்திரங்களில் கடைசியில் சொத்து விபரம் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் சர்வே எண், சென்ட் கணக்கு, நான்கு மால் எழுதியிருப்பார்கள். "இன்னார் மனைக்கும் மேற்கு, தெருப் பாதைக்கும் வடக்கு" என்று வருவதுதான் நான்கு மால். அதற்குக் கீழே கீழமேலடி இவ்வளவு, தென்வடலடி இவ்வளவு என்று இருக்கும். பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சென்ட் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கு மாலும் ஒத்துப் போகாமல் வழக்கு வந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கு மாலைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். அதாவது ஐந்து சென்ட் என்று எழுதியிருந்தாலும், நான்கு பக்க எல்லைக்குள் நாலரை சென்ட்தான் இருந்தால் உங்கள் கைக்கு வருவது அந்த நாலரைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோட்டை எடுத்து நீங்களும் போடுங்கள்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அப்படியானால் ஐந்து சென்ட் 2178 சதுர அடி. சென்ட் இரண்டு லட்சம் என்று பேசி, பத்து லட்சத்துக்கு விலை முடிக்கிறோம். தரையில் டேப் பிடித்தால் கீழமேல் 40 அடி, தென்வடல் 50 அடி இருக்கிறது. பெருக்கினால் 2000 சதுர அடி. சென்டில் சொன்னால் 4.59. குறைவது 178 சதுர அடி. இரண்டு லட்சம் விலையில் அது ஏறக்குறைய 82 ஆயிரம் ரூபாய்! ஒரு உறுப்பினர் எத்தனை மாதச் சந்தா கட்டினால் 82 ஆயிரம் சேரும் என்று உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு இதோடு முடியவில்லை. நாலு பக்கமும் சரியாக இருந்தாலும் மனை கோணலாக இருக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. 40-க்கு 50 மனை சரியான மூலைமட்டமாக இருந்தால், மூலைக்கு மூலை குறுக்கே பிடிக்கும்போது இரண்டு குறுக்கு அளவும் 64 அடி வரும். ஒரு குறுக்கு 54 அடி, இன்னொரு குறுக்கு 72 அடிக்கு மேல் என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. பக்க அளவு அதே 40, 50தான். ஆனால் பரப்பு சுமார் 1910 சதுர அடியாகக் குறைந்துவிடும். நாலு பக்கத்தை மட்டும் அளந்து காட்டுபவரிடம், "அண்ணே, குறுக்கையும் ஒரு தடவை புடிங்க" என்று சொல்லுங்கள். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது எந்தக் கொத்தனாரும் குறுக்கு அளக்காமல் விடமாட்டார். ஒரு சுவருக்கு அவ்வளவு பார்க்கும்போது, பத்து லட்சம் பணத்துக்குப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. நைலான் கயிறு இழுத்தால் நீளும். அளப்பதற்கு டேப்தான் சரி.

வரைபடம் இல்லாமல் அளவை இல்லை

டேப் அளவு இடம் எவ்வளவு என்று சொல்லும். அது எந்த இடம் என்று சொல்லாது. அதற்குத்தான் புல வரைபடம். எஃப்.எம்.பி. என்று சொல்வார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம் உண்டு. அந்தப் புலத்தின் எல்லைக் கோடுகள், உட்பிரிவுக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நீளம், பக்கத்துப் புலங்களின் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். வாய்க்காலோ பாதையோ புலத்தின் வழியாகப் போனால் அதுவும் தெரியும்.

நிலத்தைக் கோடு போட்டு அளக்கும் பழக்கம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் போட்ட ஆதாரக் கோட்டில் இருந்துதான் இந்தியா முழுவதையும் அளந்த பெரிய முக்கோண அளவை தொடங்கியது. நம் ஊர் எல்லைக் கற்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுப்பது 1923-ஆம் வருடத்து நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் அந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். துணி துவைக்கவும் மாடு கட்டவும் சர்வே கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த வீடுகள் நம் ஊர்களில் உண்டு. இனி வேண்டாம்.

பிறகு 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர்ஸ் என்று மாறியது. உட்பிரிவு எண்களும் மாறின. அதனால்தான் பாட்டி காலத்துப் பத்திரத்தில் ஒரு எண்ணும் இன்றைய பட்டாவில் வேறு எண்ணும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பெயர் மாறிப் பதிவானதும் உண்டு. பழைய எண், புதிய எண் இரண்டும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றனவா என்று வி.ஏ.ஓ.விடமும் தாலுகா அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். எண் மாறிப் போனால் அளவை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடுத்தவர் நிலத்தைத்தான் அளந்திருப்போம்.

பட்டாவில் உள்ள கணக்கைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர். பட்டாவில் 0 - 2.00 என்று இருந்தால் அது இரண்டு ஏர்ஸ், 4.94 சென்ட், 2153 சதுர அடி. பத்திரத்தில் ஐந்து சென்ட், பட்டாவில் 4.94 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். கணக்கை மாற்றும்போது வரும் சில்லறை வித்தியாசம் அது. ஆனால் பத்திரத்தில் ஐந்து, பட்டாவில் நாலு என்று இருந்தால் அது சில்லறை அல்ல. விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

சில பழைய வரைபடங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். நூறு லிங்க் 66 அடி. மீட்டரில் இருந்தால் ஒரு மீட்டர் 3.28 அடி. எந்தக் கணக்கு என்று கேட்காமல் பெருக்கிவிடாதீர்கள்.

பட்டா, "அ" பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். இ-சேவை மையத்தில் சர்வே எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். விற்பவர் கொடுக்கும் ஜெராக்ஸ் போதாது. நீங்களே ஒன்று எடுங்கள்.

எந்த அளவை எதற்கு?

முதல் அளவை நம்முடையதுதான். இடம் பார்க்கப் போகிற அன்றைக்கே 100 அடி டேப், வரைபட நகல், கூட ஒரு ஆள். பட்டா கணக்குக்கும் தரைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை. பாதி இடங்கள் இந்த அளவையிலேயே கழிந்துவிடும் என்பது என் அனுபவம்.

அடுத்தது தனியார் சர்வேயர். இப்போது மிஷின் வைத்து அளக்கிறார்கள். டோட்டல் ஸ்டேஷன் என்று பெயர். சீக்கிரம் வருவார், படமும் போட்டுக் கொடுப்பார். வரைபடத்தை வைத்து அளந்தால் நல்ல உதவிதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவர் ஊன்றும் கல் அரசாங்கக் கல் ஆகாது. நாளைக்குப் பக்கத்து மனைக்காரர் "நான் ஒத்துக்கமாட்டேன்" என்றால் அந்தப் படத்தைக் காட்டி அவரைக் கட்டுப்படுத்த முடியாது. விற்பவரே கூட்டிக்கொண்டு வரும் சர்வேயர் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். கூலி யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்வார். நம் காசில் நாம் கூட்டிவருவதே சரி.

மூன்றாவது அரசு அளவை. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் அரசு நில அளவர் தேதி கொடுத்து, பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் சொல்லி, வரைபடப்படி அளந்து எல்லையைக் காட்டுவார். 2023 முதல் இதற்கு இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் செய்து கொடுப்பார்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அளந்து முடித்ததும் வாயால் சொல்வதோடு விடாமல் அறிக்கையும் வரைபட நகலும் கேட்டு வாங்குங்கள். அளவில் ஆட்சேபம் இருந்தால் மேல் அலுவலருக்கு மனு கொடுத்து மறு அளவை கேட்கவும் வழி இருக்கிறது.

இதில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பட்டா நம் பெயரில் இல்லை. ஆகவே விண்ணப்பிக்க வேண்டியது விற்பவர். "கட்டணம் நான் கட்டுறேன், நீங்க மனு போடுங்க" என்று கேளுங்கள். உண்மையான விற்பனைக்காரர் மறுக்க மாட்டார். "அதெல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், எனக்கு அந்த இடத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

எல்லா மனைக்கும் அரசு அளவை வேண்டுமா? வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தனிப்பட்டா, தனி உட்பிரிவு, நாலு மூலையிலும் கல் இருக்கிறது, பக்கத்துக்காரர்கள் எல்லையை ஒப்புக்கொள்கிறார்கள் என்றால் நம் அளவையும் ஒரு நல்ல தனியார் அளவையும் போதும். ஆனால் கல் காணாமல் போயிருந்தாலோ, பக்கத்து மனைக்காரரோடு தகராறு இருந்தாலோ, பக்கத்தில் வாய்க்கால், கண்மாய், பாதை என்று ஏதாவது புறம்போக்கு இருந்தாலோ அரசு அளவை இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பெரிய நிலத்தில் ஒரு துண்டு மட்டும் வாங்குவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. நம் பெண்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஐம்பது சென்ட் நிலத்துக்குக் கூட்டுப் பட்டா இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் அதில் இருக்கும். ஒருவர் வந்து, "இந்த மூலையில என் பங்கு, அஞ்சு சென்ட் தர்றேன்" என்பார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அந்த ஐந்து சென்டுக்குக் கோடே இருக்காது. கோடு இல்லாத இடத்தை எந்த சர்வேயர் வந்தாலும் அளந்து காட்ட முடியாது. முதலில் அவர்களுக்குள் பதிவு செய்த பாகப்பிரிவினை நடக்க வேண்டும். இல்லையென்றால் பங்குக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, அக்கா தங்கைகளும் சேர்ந்துதான், கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கிரயம் முடிந்ததும் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மனுக் கொடுங்கள். அரசு நில அளவர் அளந்து புதிய கோடு போட்டு, புதிய உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் அந்த இடத்துக்குத் தனி உருவம் வருகிறது. பத்திரம் முடிந்ததும் பட்டாவை மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கப் போகும்போதுதான் ஞாபகம் வருகிறது.

மதுரை மாநகருக்குள் வாங்குபவர்களுக்கு வேறு பதிவேடு. அங்கே வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று இருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைத்தான் கேட்க வேண்டும். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் அவற்றைச் சுற்றியிருந்த பேரூராட்சி, ஊராட்சிகள் சிலவும் மாநகராட்சியோடு சேர்ந்து வார்டுகள் நூறாயின. அந்தப் பகுதிகளில் வாங்குபவர்கள் கிராம சர்வே எண் நடப்பில் இருக்கிறதா, நகர அளவை எண் நடப்பில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் நத்தத்தில் வாங்கினால் அதற்கு நத்தம் அளவையில் போட்ட தனிப் படம் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிளாட் போட்டு விற்கும் இடத்தில்

ரிங் ரோடு தாண்டினால் இரண்டு பக்கமும் கலர் கொடிதான். பஸ்ஸில் கூட்டிப் போய், சாப்பாடு போட்டு, காரை பூசிய கல்லைக் காட்டி "இதுதான்மா உங்க பிளாட்" என்பார்கள். அங்கே அளக்க வேண்டியது பிளாட்டை மட்டும் அல்ல. நகர் ஊரமைப்புத் துறை அனுமதி கொடுத்த மனைப்பிரிவு வரைபடத்தைக் கேளுங்கள். அதில் உங்கள் பிளாட் எண் இருக்கிறதா? ரோடு எத்தனை அடி என்று இருக்கிறது, தரையில் எத்தனை அடி இருக்கிறது? பூங்காவுக்கு விட்ட இடத்தில் கல் ஊன்றி விற்கிறார்களா? ரோட்டைச் சுருக்கி பிளாட்டைப் பெரிதாக்கிக் காட்டினால், டேப் அளவு சரியாக வரும். ஆனால் முன்பக்கம் நாலடி உங்களுடையது அல்ல.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்ற பேச்சை நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதன் பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்தத் திட்டம். பழைய பிளாட்டை மறு கிரயம் வாங்குபவர்கள் வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தண்ணீர் இருந்த இடம்

நம் மதுரையைச் சுற்றிக் கண்மாய் இல்லாத ஊர் ஏது? மாடக்குளம், தல்லாகுளம், உலகனேரி என்று ஊர்ப் பெயரிலேயே குளமும் ஏரியும் இருக்கிறது. ஏந்தல், ஊருணி, தாங்கல் என்று முடியும் பெயர்களும் தண்ணீர்ப் பெயர்கள்தான். வெயில் காலத்தில் இடம் பார்க்கப் போனால் எல்லாம் மேட்டு நிலமாகத்தான் தெரியும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர், நரிமேடு பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். தண்ணீருக்கு அதன் பழைய வழி மறப்பதில்லை.

அதனால் புல வரைபடத்தோடு கிராம வரைபடத்தையும் ஒரு தடவை பாருங்கள். கண்மாயின் நீர்ப்பிடிப்பு எதுவரை, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று அதில் தெரியும். பெரியாறு பாசனத்தில் வயல் எல்லாம் பிளாட் ஆகிவிட்ட ஊர்களில் வாய்க்காலைத் தூர்த்து மண் போட்டிருப்பார்கள். தரையில் வாய்க்கால் மறைந்தாலும் அரசுப் பதிவேட்டில் அது புறம்போக்காகத்தான் இருக்கும். நீர்நிலையில் கட்டிய வீட்டை 2007-ஆம் வருடத்து ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி எடுக்கச் சொல்ல முடியும். வரி ரசீதும் கரண்ட் இணைப்பும் அதைத் தடுக்காது.

போன வருடம் நம் பகுதியில் ஒரு உறுப்பினர், கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள், நாலு சென்ட் பேசி முடித்தார். குழுத் தலைவி பிடிவாதம் பிடித்ததால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அரசு அளவையில் பரப்பு குறைந்தாலோ புறம்போக்கு பட்டாலோ அட்வான்ஸ் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அந்த வரி. விற்பவருக்கு முகம் சுண்டிவிட்டது. அளந்தபோது மனையின் பின்பக்கம் எட்டு அடி வண்டிப் பாதைப் புறம்போக்கில் போனது. அந்த எட்டு அடியில்தான் அவர் கிணறு வெட்டவும் கழிவறை கட்டவும் நினைத்திருந்தார். அட்வான்ஸ் இரண்டு தவணையாகத் திரும்பி வந்தது. அந்த ஒரு வரி இல்லையென்றால் அந்தப் பணம் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அளவுக் கட்டணம் மட்டும்தான் அவருக்குச் செலவு. அவர் இப்போது வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். போகும்போது டேப்பும் கொண்டு போகிறார்.

கட்டிய வீடு வாங்கினால்

இங்கே இரண்டு அளவை தேவை. ஒன்று மனைக்கு, மேலே சொன்னபடி. சுவர் நிற்கும் இடம்தான் எல்லை என்று நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் படிக்கட்டு தெருவில் இறங்கியிருக்கும், சன்ஷேடு பக்கத்து மனைக்குள் நீட்டியிருக்கும், பொதுச் சுவர் யாருடையது என்று எழுதியிருக்காது. வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று கட்டடத்தைப் பார்ப்பது. திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போடாத வீட்டில் சுவர் ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாகப் பிளக்கும். சுண்ணாம்பு பூச்சில் வரும் மயிரிழை வெடிப்பு வேறு, இந்த வெடிப்பு வேறு. விரல் நகம் உள்ளே போகிற அளவு சாய்ந்த வெடிப்பு இருந்தால் ஒரு இன்ஜினியரைக் காட்டாமல் வாங்க வேண்டாம். விற்பதற்கு முன் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அடுப்படிச் சுவரையும் கட்டில் மறைவையும் பாருங்கள். மேல்தளத்தில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய் வாருங்கள்.

"பேங்க் இன்ஜினியரே வந்து பார்த்துட்டாருக்கா" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர் பார்ப்பது வங்கி கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று. அவருடைய அறிக்கை வங்கிக்கு. நீங்கள் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு உங்களுக்காகப் பார்க்கும் ஒரு ஆள் தேவை. ஊரில் நம்பிக்கையான, வயதான கொத்தனார் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். ஒரு நாள் கூலி கொடுத்தால் போதும்.

அளக்கும் நாளில்

அளக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கணவரையோ மகனையோ மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். பத்திரம் யார் பெயரில் வரப் போகிறதோ அவர் தரையில் நிற்க வேண்டும். குழுவில் இருந்து இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். பக்கத்து மனைக்காரர்களை முதல் நாளே பார்த்து, "நாளைக்கு அளக்குறோம்ணே, நீங்களும் இருந்தா நல்லது" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அண்டை வீட்டுக்காரர் ஆகப் போகிறவர் அவர்தான்.

அளவை எந்தக் கல்லில் இருந்து ஆரம்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். வேலி ஓரத்தில் இருந்தோ, மின்கம்பத்தில் இருந்தோ ஆரம்பித்தால் அது சரியல்ல. வரைபடத்தில் உள்ள பழைய சர்வே கல்லையோ, அசையாத வேறு ஆதாரப் புள்ளியையோ பிடித்துத்தான் வர வேண்டும். ஒவ்வொரு பக்க அளவையும் நோட்டில் நீங்களே எழுதுங்கள். நாலு பக்கம், இரண்டு குறுக்கு, ஆக ஆறு எண்கள். கல் ஊன்றியதும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம் எழுதும்போது அந்த ஆறு எண்களையும் எழுத்தரிடம் கொடுத்து, பழைய பத்திரத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காமல் இன்றைய அளவைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பத்திரத்தை உங்கள் பெயரில் பதிவு செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. தமிழக அரசு 1.4.2025 முதல், பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. எட்டு லட்சத்துக்குப் பதிந்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம். அளவைக்கு ஆகும் செலவு அதிலேயே வந்துவிடும்.

குழுக் கூட்டத்தில் செய்ய

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பட்டா நகல் ஒன்று கொண்டு வாருங்கள். ஏர்ஸ் கணக்கைச் சென்டாகவும் சதுர அடியாகவும் மாற்றி எழுதுங்கள். பிறகு டேப் எடுத்துக்கொண்டு ஒரு உறுப்பினர் வீட்டு மனையை நாலு பக்கமும் இரண்டு குறுக்கும் அளந்து, பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை சதுர அடி கூடுகிறது, குறைகிறது என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்கள் டேப்பின் நுனியைப் பிடிக்கட்டும். எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதினால் அவர்களுக்கும் கணக்கு மனதில் நிற்கும். வித்தியாசம் பெரிதாக வரும் வீடுகளின் விபரத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுங்கள். புல வரைபடம் எடுத்து, அடுத்து என்ன மனு போட வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம்.